பாரிஸிலிருந்து மாந்தோன் வரை: 1880-களில் ரயிலில் போனால் எப்படி இருந்திருக்கும்?

நீங்கள் கேட்டது இது. நாவலில் புதுச்சேரியில் நீதித்துறை வேலை முடித்து ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரர், நெஞ்சு நோயால் இளைத்துப்போன மனைவியை அழைத்துக்கொண்டு, பாரிஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் மாந்தோனுக்கு ரயிலில் போகிறார். காலம் 1870-களோ 1880-களோ, இன்னும் முடிவாகவில்லை. எத்தனை மணி நேரம் ஆகும், பெட்டி எப்படி இருக்கும், கடல் எங்கே கண்ணில் படும் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி "கழிப்பறை இருந்ததா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. இருமிக்கொண்டே இருக்கும் ஒரு பெண், ஓர் இரவும் ஒரு பகலும் அந்தப் பெட்டிக்குள் எப்படித் தாக்குப் பிடித்தாள்? நீங்கள் அறிய விரும்புவது அதுதான். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய பாதைகளை யார், எப்படிப் போட்டார்கள் என்று படித்து அறியும் ஆசையில்தான் பிரெஞ்சு கற்றேன். ஆகவே பாதை, வண்டி, கட்டணம், கடிகாரம் பற்றித் துணிந்து சொல்வேன். அந்த அம்மாள் என்ன உடுத்தியிருப்பாள், கணவனை எப்படிக் கூப்பிட்டிருப்பாள் என்பதெல்லாம் என் துறை இல்லை.

முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். இந்தப் பாதையில் ஆண்டு மாறினால் பயணமே மாறிவிடும். பாரிஸிலிருந்து மார்சே வரை 1850-களின் நடுவிலேயே ரயில் ஓடியது. 1857-ல் பல கம்பெனிகள் சேர்ந்து பாரிஸ்-லியோன்-மத்தியதரைக் கடல் கம்பெனி உருவானது. எல்லோரும் பி.எல்.எம். என்றுதான் சொல்வார்கள். மார்சேக்குக் கிழக்கே பாதை நத்தை வேகத்தில் நீண்டது. 1859-ல் தூலோன், 1863 ஏப்ரலில் கான், 1864 அக்டோபரில் நீஸ், 1868-ல் மொனாக்கோ, 1869 இறுதியில் மாந்தோன், 1872-ல் இத்தாலிய எல்லையைத் தாண்டி வெந்திமிலியா. 1814-லிருந்து 1860 வரை நீஸ் பிரான்ஸில் இல்லை; வார் நதிதான் எல்லை. மாந்தோனும் அதையொட்டிய ரோக்ப்ரூனும் 1861-ல் மொனாக்கோ இளவரசரிடமிருந்து 40 லட்சம் ஃபிராங்குக்கு பிரான்ஸுக்குக் கைமாறின. அதே ஏற்பாட்டில்தான் மொனாக்கோ வழியாக ரயில் வருவதும் உறுதியாயிற்று. இதனால் உங்கள் கதை 1869-க்கு முன்னால் நடந்தால், நீஸிலோ மொனாக்கோவிலோ இறங்கி மலைச் சாலையில் குதிரை வண்டி பிடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் எல்லா ஆண்டும் ஒன்றல்ல. 1870 செப்டம்பரிலிருந்து 1871 ஜனவரி வரை பாரிஸ் பிரஷ்யப் படையின் முற்றுகையில் கிடந்தது, ரயில் இல்லை. 1884 கோடையில் தூலோனில் காலரா தொடங்கி மார்சேக்குப் பரவியது. தெற்கிலிருந்து பாரிஸ் வந்து இறங்கியவர்களை, தெற்கு வண்டிகள் வந்து சேரும் பாரிஸ் ஸ்டேஷனான லியோன் ஸ்டேஷனிலேயே ஓர் அறையில் அடைத்துப் புகை போட்டார்கள். இத்தாலிக்காரர்கள் எல்லையில் தனிமைப்படுத்தல் வைத்தார்கள். 1887 பிப்ரவரி 23 அதிகாலை, நீஸ் கார்னிவல் கொண்டாட்டம் முடிந்த மறுநாள், எல்லைக்கு அப்பால் இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் பெரிய நிலநடுக்கம். மாந்தோனில் வீடுகள் பிளந்தன. நீஸில் இருந்த வெளியூர்க்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமான தேதி ஒன்று உண்டு: காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. அதற்கு முன்னால், இருமும் பெண்ணோடு எட்டுப் பேர் ஒரே அறையில் இரவு முழுக்க உட்கார்ந்து வருவது பாரிஸ்காரர் பலருக்கு உறுத்தாத விஷயம். பிறகு மெல்ல மெல்லப் பார்வை மாறுகிறது. பக்கத்து இருக்கைக்காரர் அவளை எப்படிப் பார்க்கிறார் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆண்டுதான் தீர்மானிக்கும்.

பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிவியேரா என்கிற இந்தக் கடலோரத்தின் இன்றைய நிலையை நினைத்து அவர்களை ஜூலையில் அனுப்பிவிடாதீர்கள். அந்த நூற்றாண்டு முழுவதும் அது குளிர்காலத்து ஊர். அக்டோபரில் கூட்டம் வரத் தொடங்கும், ஏப்ரலோடு கலையும், கோடையில் ஓட்டல்கள் கதவைச் சாத்திவிடும். மாந்தோனை நோயாளிகளின் ஊராக்கியதில் பெரும் பங்கு ஜேம்ஸ் ஹென்றி பென்னெட் என்ற ஆங்கிலேய டாக்டருக்கு. தானே நெஞ்சு நோயோடு 1859-ல் அங்கு போய்ச் சேர்ந்து, உடம்பு தேறி, அதன்பின் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கேயே வைத்தியம் பார்த்தார்.

இனி காசு. கம்பெனிகள் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி கிலோமீட்டருக்கு அடிப்படைக் கட்டணம் முதல் வகுப்பில் 10 சென்டிம் (ஒரு ஃபிராங்குக்கு நூறு சென்டிம்), இரண்டாம் வகுப்பில் 7.5, மூன்றாம் வகுப்பில் 5.5. தோற்ற போருக்காக ஜெர்மனிக்கு இழப்பீடு கட்ட 1871-ல் வரி ஏற்றியபோது இவை முறையே 12.32, 9.24, 6.776 சென்டிமாக உயர்ந்து, 1892 வரை அப்படியே நின்றன. பாரிஸிலிருந்து மாந்தோன் ஏறக்குறைய 1,110 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் முதல் வகுப்பு ஒரு டிக்கெட் சுமார் 137 ஃபிராங்க், மூன்றாம் வகுப்பு சுமார் 75. மாகாணங்களில் கூலியாளுக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு, மூன்று ஃபிராங்க் கிடைத்த காலம் அது. ஓய்வு பெற்ற நீதிபதிக்கு மனைவியோடு முதல் வகுப்பில் போகக் கையைக் கடித்துக்கொண்டாவது முடியும். ஆனால் வேலைக்காரி கூட வந்தால் சிக்கல்: வேகமான வண்டிகள் பெரும்பாலும் முதல் வகுப்பு மட்டும் கொண்டவை. மூன்றாம் வகுப்புக்காரர்கள் ஊர் ஊராக நிற்கும் வண்டியில்தான் வர வேண்டும். எஜமானியம்மாள் போய்ச் சேர்ந்து வெகு நேரம் கழித்துத்தான் அவள் வந்து சேர்வாள். நாவலாசிரியருக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

பெட்டிக்குள் வருவோம். நம் மனத்தில் இருக்கும் ரயில் பெட்டியை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். நடைபாதை கிடையாது. ஒரு பெட்டி என்பது வரிசையாக ஒட்டவைத்த மூன்று, நான்கு தனி அறைகள். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கமும் கதவு, கதவைத் திறந்தால் நேரே பிளாட்பாரம். முதல் வகுப்பு அறையில் எதிரெதிராக நாலும் நாலுமாக எட்டுப் பேர், மெத்தையிட்ட இருக்கை, தலை சாய்க்க ஓரம். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் பத்துப் பேர். மூன்றாம் வகுப்பில் வெறும் பலகை. வண்டி ஓடும்போது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வழியே இல்லை. டிக்கெட் பார்க்கிறவர் பெட்டியின் வெளிப்புறத்தில் ஓடும் படிப்பலகையில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஓடுகிற வண்டியில் சன்னல் சன்னலாக நகர்ந்து வருவார். நள்ளிரவில் மழையில் நனைந்த ஒரு முகம் திடீரென்று கண்ணாடிக்கு வெளியே தோன்றி டிக்கெட் கேட்பதை ஒரு நிமிஷம் கற்பனை செய்து பாருங்கள்.

இந்த அமைப்பின் பயங்கரத்தை பிரெஞ்சுக்காரர்கள் 1860 டிசம்பரில் உணர்ந்தார்கள். பாரிஸ் நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி புவான்ஸோ, கிழக்குப் பாதை வண்டி ஒன்றின் முதல் வகுப்பு அறையில் கொலையுண்டு கிடந்தார். வண்டி பாரிஸ் வந்து சேரும்வரை பக்கத்து அறைகளில் யாருக்கும் தெரியவில்லை. சந்தேகிக்கப்பட்ட ஷார்ல் ஜூத் என்பவன் கடைசிவரை பிடிபடவே இல்லை; உண்மையில் அவன்தான் கொன்றானா என்பதும் அதனால் முடிவாகாமலே போயிற்று. இரண்டு அறைகளுக்கு நடுவே சிறு கண்ணாடித் துளை, கார்டை எச்சரிக்கும் மணி, கயிறு என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. உங்கள் கதாநாயகர் நீதித்துறைக்காரர். புவான்ஸோவின் பெயர் அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். இரவில் தெரியாதவன் ஒருவன் அறைக்குள் ஏறினால் அவர் தூங்க மாட்டார். பெண்கள் மட்டும் அமரும் அறைகளும் இருந்தன. ஆனால் கணவனோடு வருகிறவளுக்கு அது உதவாது.

கதவுகளை வெளியே பூட்டி வைத்தார்களா என்றும் சிலர் கேட்பதுண்டு. ஆரம்ப காலத்தில் பூட்டினார்கள். 1842 மே 8 அன்று வெர்ஸாய்-பாரிஸ் பாதையில் மூதோன் அருகே வண்டி கவிழ்ந்து தீப்பிடித்தபோது, பூட்டிய அறைகளுக்குள் பலர் எரிந்து மாண்டார்கள். தென்துருவக் கடல்களைச் சுற்றி வந்த மாலுமி த்யூமோன் துர்வில், தன் மனைவி மகனோடு இறந்தது அந்த விபத்தில்தான். அதோடு அந்த வழக்கம் நின்றது. 1880-களில் கதவைப் பூட்டும் காட்சி வேண்டாம்.

இப்போது கழிப்பறை. சாதாரணப் பெட்டிகளில் இல்லை. முதல் வகுப்பிலும் இல்லை. வண்டி நிற்கிற இடத்தில் இறங்கி, ஓடி, திரும்பி ஓடி வர வேண்டும். சில வண்டிகளில் சாமான் வேனில் ஒரு கழிப்பறை வைத்திருந்தார்கள். அதற்கும் ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் போய் ஏறி, அடுத்த ஸ்டேஷன்வரை அங்கேயே இருந்து, பிறகு தன் அறைக்குத் திரும்ப வேண்டும். கூடுதல் பணம் கட்டினால் வேறு வழிகள் இருந்தன. பெட்டியின் ஓரத்தில் ஒற்றை வரிசை இருக்கையோடு இருக்கும் அறைக்கு கூபே என்று பெயர் (நம்மூர் முதல் வகுப்பில் பெயர் மட்டும் இன்றும் தங்கியிருக்கிறது). இருக்கையைப் படுக்கையாக நீட்டிக்கொள்ளும் கூபேக்களும், படுக்கையோடு கழிப்பறையும் சேர்ந்த அறைகளும் பி.எல்.எம்.மிடம் கிடைத்தன. நோயாளி மனைவியோடு போகிற ஒருவர் கடன் வாங்கியாவது இப்படி ஒன்றைப் பிடித்திருப்பார். இதைவிட உயர்ந்த படி, நாகெல்மாக்கர்ஸ் என்ற பெல்ஜியக்காரரின் வாகோன்-லீ கம்பெனியின் தூங்கும் பெட்டி. 1883 டிசம்பரில் அந்தக் கம்பெனி கலே-நீஸ்-ரோம் எக்ஸ்பிரஸை விட்டது. ஆங்கிலக் கால்வாய்க் கரையில் கப்பலிலிருந்து இறங்கும் லண்டன் சீமான்களுக்காகவே ஓடிய வண்டி; பாரிஸைச் சுற்றிப் போகும் வட்டப் பாதை வழியாக வடக்கு ஸ்டேஷனிலிருந்து லியோன் ஸ்டேஷனுக்கு வந்து தெற்கே இறங்கும். தூங்கும் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி இரண்டும் உண்டு. உங்கள் நீதிபதியின் ஓய்வூதியத்துக்கு அது எட்டாது என்பது என் அபிப்பிராயம். பிளாட்பாரத்தில் நின்று அதை அவர் வேடிக்கை பார்க்கலாம்.

சாப்பாட்டுப் பெட்டி இல்லாத வண்டி என்றால் புஃபே எனப்படும் ஸ்டேஷன் சாப்பாட்டுக்கூடம்தான். திஜோன், லியோன், அவிஞோன் போன்ற பெரிய ஸ்டேஷன்களில் இருபது இருபத்தைந்து நிமிஷம் வண்டி நிற்கும். ஊரின் பெயர், எத்தனை நிமிஷம், "புஃபே!" என்று ஊழியர்கள் கூவிக்கொண்டு ஓடுவார்கள். நீண்ட மேஜையில் தட்டுகள் தயாராக இருக்கும். ஒரே விலை, சூப்பிலிருந்து பழம் வரை வரிசையாக வரும். சூப்பை வேண்டுமென்றே கொதிக்கக் கொதிக்க வைத்து, குடிக்க முடியாமல் விட்டுப் போனதை அடுத்த வண்டிக்காரர்களுக்கு விற்றார்கள் என்று ஒரு கதை ஐரோப்பா முழுக்க உலவியது. ஒவ்வொரு நாட்டுக்காரரும் தன் ஊர் புஃபேயைப் பற்றிச் சொன்ன கிண்டல் அது. சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கதாபாத்திரத்தின் வாயில் போட்டால் பொருந்தும். நோயாளியால் அந்த ஓட்டம் ஓட முடியாது. கூடையில் ரொட்டி, குளிர்ந்த கோழி, ஒரு புட்டி ஒயின் கட்டி வந்திருப்பார்கள்.

குளிர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஜனவரியில் பர்கண்டியைக் கடக்கும் இரவு எலும்பைத் துளைக்கும். பெட்டிக்குச் சூடூட்டும் ஏற்பாடு, கொதிநீர் நிரப்பித் தரையில் வைக்கும் தட்டையான தகரப் பெட்டிகள் மட்டுமே. கால்களை அதன் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆறிவிடும். உடனே அடுத்த பெரிய ஸ்டேஷனில் கதவைப் படாரென்று திறந்து, ஆறியதை இழுத்துச் சூடானதைத் தள்ளுவார்கள். அதற்குள் உள்ளே சேர்ந்திருந்த கதகதப்பு முழுவதும் கதவு வழியாக வெளியேறிவிடும், தூங்கியவர்களும் விழித்துக்கொள்வார்கள். வெளிச்சம் கூரையில் துளையிட்டு மேலிருந்து இறக்கிய எண்ணெய் விளக்கு. ஓர் அறைக்கு ஒன்று, சில இடங்களில் இரண்டு அறைகளுக்கு நடுவில் ஒன்று. இரவில் அதன் மேல் துணித் திரையை இழுத்து விடலாம். படிக்கப் போதாது, தூங்கவும் விடாது.

பயணத்தின் மொத்த நேரத்தைப் பொறுத்தவரை, பாதை நீஸை எட்டிய 1860-களில் பாரிஸிலிருந்து நீஸுக்கு நல்ல வண்டியிலேயே ஏறக்குறைய ஒரு முழு நாள். நூற்றாண்டின் இறுதிக்குள் அது வெகுவாகக் குறைந்தது. நீங்கள் எழுதும் காலம் இரண்டுக்கும் நடுவே. மாலையில் பாரிஸில் ஏறி, இரவு முழுக்க ஓடி, விடியும்போது ரோன் பள்ளத்தாக்கில் எங்கோ கண் விழித்து, அன்று பிற்பகலிலோ மாலையிலோ கடலோரம் போவதாக எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. வேகம் கூடியதற்கு எஞ்சின் மட்டும் காரணமல்ல, பிரேக்கும் காரணம். 1870-களின் கடைசி வரை, எஞ்சின் ஊதும் சத்தத்தைக் கேட்டு, ஆங்காங்கே பெட்டிகளின் மேல் கூண்டில் உட்கார்ந்திருந்த ஆட்கள் கையால் திருகித்தான் வண்டியை நிறுத்தினார்கள். 1880-களில் காற்றழுத்தத் தொடர் பிரேக் வந்தது. நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஓட்டுநர் ஓட்டுவார்.

பாதைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ரோன் பள்ளத்தாக்கில் வாலான்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் நிலம் மாறும். ஓட்டுக் கூரைகள் தாழும், சைப்ரஸ் மரங்கள் வடகாற்றுக்கு வேலியாக வரிசை கட்டி நிற்கும். மிஸ்ட்ரால் என்ற அந்தக் காற்று பள்ளத்தாக்கு வழியே தெற்கு நோக்கி இறங்குவது. அதனால் பாரிஸிலிருந்து வருகிற வண்டியை முதுகில் தள்ளும், திரும்பிப் போகிற வண்டியின் முகத்தில் அறையும். 1890-களில் பி.எல்.எம். தன் எஞ்சின்களுக்குக் கூரான முகம் வைத்தது இந்தக் காற்றுக்காகத்தான். ஆர்ல் தாண்டினால் க்ரோ என்ற கூழாங்கல் பொட்டல், பிறகு பெர் உப்பு ஏரி, அதன்பின் நெர்த் சுரங்கம். 4.6 கிலோமீட்டர் நீளம், போலான் தலபோ என்ற பொறியாளரின் வேலை, 1848-ல் முடிந்தபோது பிரான்ஸில் அதைவிட நீண்ட ரயில் சுரங்கம் இல்லை. இருட்டில், புகையில், தோல் வாரை இழுத்துச் சன்னலை ஏற்றிவிட்டு, இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குச் சுரங்கம் முடிந்ததும் வலப்பக்கம் கடல் திறக்கும். அடியில் எஸ்தாக் கிராமமும் தூரத்தில் மார்சேயும். முதல் கடல் அங்கேதான்.

அது அவளுக்குப் பழைய கடல் என்பதை மறந்துவிடாதீர்கள். புதுச்சேரியிலிருந்து திரும்பியவர்கள் மெஸாஜெரி மாரித்தீம் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பலில் சூயஸ் வழியாக மார்சேயில்தான் இறங்கியிருப்பார்கள். இதே பாதையில் வடக்கு நோக்கி ஒருமுறை போயும் இருப்பார்கள். 1870 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தபால் மூட்டைகளும் மார்சே வழியாகவே போயின. போர் வந்து பிரான்ஸ் வழி அடைபட்டபோது ஆங்கிலேயர் இத்தாலியின் பிரிந்திசிக்கு மாறிவிட்டார்கள்.

மார்சே சேன்-ஷார்ல் ஸ்டேஷனில் ஒரு நுணுக்கம் உண்டு. அது முட்டுச் சந்து போன்ற ஸ்டேஷன். வண்டி உள்ளே வந்து நின்றால், நீஸுக்குப் போக வந்த பக்கமாகவே வெளியேற வேண்டும். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் வேறு எஞ்சினை மாட்டுவார்கள். ஆகவே பாரிஸிலிருந்து முகம் முன்னோக்கி வந்தவள் இனி பின்னோக்கிப் போவாள். எஸ்தாக்கில் கடல் தெரிந்த சன்னல், அதன் பிறகு மலைப் பக்கம் திரும்பிவிடும். விவரம் தெரிந்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து இடம் பிடித்திருப்பார்கள். உங்கள் நீதிபதி விவரம் தெரிந்தவரா இல்லையா என்பதை இந்த ஒரு இடத்திலேயே காட்டிவிடலாம்.

கடலோர ரயில் என்றதும் வழி முழுக்க அலை பார்த்துக்கொண்டு போவதாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். தூலோனைத் தாண்டியதும் கடல் காணாமல் போய்விடும். மோர் மலைத்தொடர் அங்கே நேராகக் கடலில் இறங்குவதால், பாதை மலைக்குப் பின்னால் இருக்கும் தாழ்வான நிலத்தில், கார்னூல், லே-ஆர்க் வழியாகப் போகிறது. ரோமானியர்கள் தங்கள் சாலையைப் போட்டதும் அதே தாழ்வில்தான். ஏற்றம் குறைவு, வளைவு குறைவு, எந்த நூற்றாண்டுப் பொறியாளனும் அங்கேதான் போவான். திராட்சைத் தோட்டமும் செம்மண்ணும் தக்கைப்பட்டை மரங்களும்தான் காட்சி. ஆனால் ஃப்ரேஜுஸுக்கு அப்பால் கதை தலைகீழ். அங்கே எஸ்தெரெல் மலை. ரோமானியச் சாலை உள்பக்கமாக ஏறிப் போய்விட்டது, ரயிலால் அந்த ஏற்றத்தை ஏற முடியாது. வேறு வழியில்லாமல் பாதை கடலின் விளிம்புக்கு வந்து, சிவந்த பாறைகளைக் குடைந்தும், அந்தெயோரில் இருப்பது போன்ற வளைவுப் பாலங்களில் சிறு குடாக்களைத் தாண்டியும் கான் வரை போகிறது. சிவப்புப் பாறை, பச்சைப் பைன், நீலக் கடல் மூன்றும் ஒரே சன்னலில் சேருவது சேன்-ரஃபாயலுக்கும் கானுக்கும் நடுவில்தான். அங்கே நின்று எழுதுங்கள். மோர் மலையின் கடற்பக்கத்தில் போன ரயில் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய வேறொரு கம்பெனியின் சிறு வண்டி; அதன் முதல் பகுதி திறந்ததே 1889-ல்.

நீஸுக்கு அப்பால் இன்னும் ஒரு மணி நேரம் போல. மலை இங்கே பாதைக்கு இடமே விடுவதில்லை. சுரங்கம், ஒரு கணம் குடா, மறுபடி சுரங்கம்: வில்ஃபிரான்ஷ், போலியூ, எஸ், மொனாக்கோ. மோன்டே கார்லோவில் பெட்டி பாதி காலியாகும். பிரான்ஸ்வா ப்ளாங்கின் சூதாட்ட மாளிகைக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டியது 1868-ல் வந்த இந்த ரயில்தான்; அடுத்த ஆண்டே இளவரசர் தன் குடிமக்களுக்கு நேரடி வரிகளை ரத்து செய்ய முடிந்தது. மிச்சமிருப்பவர்களில் பலர் போர்வை போர்த்தி, கன்னம் ஒட்டி, உங்கள் கதாநாயகியைப் போல மாந்தோனுக்குப் போகிறவர்கள். மாந்தோன் எல்லைக்கு முந்தைய ஊர் என்பதால் இத்தாலியச் சுங்கத் தொல்லை கிடையாது. ஓட்டல்களின் குதிரை வண்டிகள் ஸ்டேஷன் வாசலில் பெயர்ப்பலகையோடு நிற்கும். 1882 வசந்தத்தில் விக்டோரியா மகாராணி இதே ஊருக்கு வந்து தங்கிய பங்களா, சார்லஸ் ஹென்ஃப்ரே என்பவருடையது. அவர் யாரென்றால் தில்லி-அமிர்தசரஸ் ரயில் பாதையைப் போட்ட கான்ட்ராக்டர்களில் ஒருவர். இந்தியத் தண்டவாளத்தில் சம்பாதித்த காசு அங்கே போய் பங்களாவாக நின்றது. ரயில்வேக்காரனான எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாவலில் தவறி விழக்கூடிய குழிகள் சில. பாரிஸ் லியோன் ஸ்டேஷனின் புகழ்பெற்ற மணிக்கூண்டு 1900-ஐ ஒட்டிக் கட்டியது; 1880-களில் கிடையாது. மார்சே ஸ்டேஷனின் பிரம்மாண்டமான படிக்கட்டு 1920-களில் வந்தது; உங்கள் ஆட்கள் அதில் இறங்க முடியாது. இந்தக் கடலோரத்துக்கு ஓடிய சொகுசு வண்டிக்கு நீல ரயில் என்ற பெயரும் அந்தப் பத்தாண்டில் நீல வண்ணப் பெட்டிகள் வந்தபிறகு பிடித்துக்கொண்டது. புறப்படும்போது நேரே பிளாட்பாரத்துக்குப் போய்க் கையசைக்கும் காட்சியும் வேண்டாம். பயணிகளை வகுப்பு வாரியாகக் காத்திருக்கும் அறையில் நிறுத்தி வைத்து, வண்டி தயாரான பிறகுதான் பிளாட்பாரக் கதவைத் திறப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இதைத் திட்டித் தீர்த்தார்கள். சாமான் 30 கிலோ வரை இலவசம். அதை எடை போட்டு, பதிவு செய்து, ரசீது வாங்க வேண்டும்.

கடைசியாகக் கடிகாரம். 1891 மார்ச்சில் பாரிஸ் நேரம் நாடு முழுவதற்கும் சட்டமாகும் வரை ஒவ்வொரு ஊரும் தன் சூரிய நேரத்தை வைத்திருந்தது. ரயில் மட்டும் பாரிஸ் நேரத்தில் ஓடியது. நீஸ் சூரியன் பாரிஸை விட ஏறக்குறைய 20 நிமிஷம் முந்தி. போதாததற்கு, ஸ்டேஷனுக்கு வெளியே தெரியும் கடிகாரம் ஒரு நேரம் காட்டும், உள்ளே பிளாட்பாரக் கடிகாரம் அதைவிட ஐந்து நிமிஷம் பிந்திக் காட்டும். தாமதமாக ஓடி வருகிறவர்களுக்கு அது சலுகை. வண்டி உள்கடிகாரப்படிதான் புறப்படும். எல்லையைத் தாண்டி வெந்திமிலியா போனால் ரோம் நேரம், பாரிஸுக்கு 40 நிமிஷம் முந்தி. எனவே மாந்தோனில் இறங்கி நீதிபதி தன் சட்டைப் பைக் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றால், அது எந்த நேரம் என்று நீங்கள் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். புறப்படும், சேரும் நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறியதால், ஆண்டை முடிவு செய்தபின் அந்தக் காலத்தில் ஷெ அச்சகம் வெளியிட்ட ரயில் கால அட்டவணையைப் பாருங்கள். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன. படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1912 வரை பிரெஞ்சு ரயில்களில் 24 மணிக் கணக்கு கிடையாது. காலை எட்டையும் இரவு எட்டையும் அட்டவணை ஒரே எண்ணில்தான் போடும், பக்கத்தில் இருக்கும் சிறு எழுத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.